இன்னொரு பச்சை ரிப்பன்

"ஏங்க, இந்தப் பிள்ளைக்கு ஏன் ஒரு பக்கம் மட்டும் சடை?"

"எனக்கு அப்படித்தான் தெரியுறா."

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், கணவர் ரத்தினவேல் எழுதிய முதல் நாவலைக் கம்ப்யூட்டரில் அடிக்க உட்கார்ந்தபோது சுகுணா கேட்டதும், அவர் சொன்னதும் அவ்வளவுதான். மேலும் ஒன்று கேட்க வாயெடுத்தாள். அவர் எழுந்து மோட்டார் போடப் போய்விட்டார்.

அந்தக் கேள்வியை, அதற்கப்புறம் ஐந்து நாவல் வந்தும் அவள் கேட்கவில்லை.

இப்போது அந்தப் பிள்ளை, ஆலங்குடியில் ஒரு மாடி ஹாலின் சுவரில் நின்றுகொண்டிருந்தாள்.

செல்போன் கடை வசந்த் நாலு சார்ட்டை ஒட்டி வரைந்த படம். இரண்டாம் நாவலில் எரிந்த முந்திரிக்காடு, ஐந்தாம் நாவலில் வரும் டாக்டருடையது. மூன்றாம் நாவலில் காணாமல் போன டவுன் பஸ், ஆறாம் நாவலில் கண்மாய்க்குள் கிடக்கிறது. எல்லாவற்றையும் சிவப்பு நூலால் இணைத்திருந்தான். எந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனாலும், நடுவில் நிற்கும் அந்த எட்டு வயதுப் பிள்ளையிடம்தான் போய்ச் சேர்ந்தது.

பள்ளிக்கூட யூனிஃபார்ம். வலது பக்கம் மடித்துக் கட்டிய சடை, பச்சை ரிப்பன். இடது பக்கம் முடி அவிழ்ந்து தோளில் கிடந்தது.

நாவல்களில் மூன்று தடவை ஹாரன் சத்தம் கேட்டால் அவள் வருவாள். வந்தால் அந்த வீட்டில் ஒரு சாவு விழும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். இருபது வாசகர்கள். பேப்பர் தட்டுகளில் முந்திரி பக்கோடா.

"சினிமாவுல ரெண்டு பக்கமும் முடிய அவுத்து விட்டு, கண்ணுல வெள்ளை லென்ஸ மாட்டிட்டானுங்க," என்றான் வசந்த். "பாதி உசிரு, பாதி பொணம். அதத்தான் சார் ஒத்தச் சடைன்னு எழுதுறாரு. அதுகூடப் புரியாம ரெண்டு படம் எடுத்துட்டாங்க."

"ரெண்டாவது படம் பரவாயில்லப்பா," என்றார் ஞானமணி டீச்சர். "மூணாவது ஹாரனுக்கு வாரா பாரு, பயத்துல எங்க வீட்டுக்காரர் கையப் பிடிச்சுட்டேன். கல்யாணத்தன்னைக்குப் பிடிச்சது."

ஹாலே சிரித்தது. ரத்தினவேலும் சிரித்து வைத்தார்.

கடைசி நாற்காலியில் சுகுணா சிரிக்கவில்லை. அவளுடைய வலது கை கைப்பைக்குள் இருந்தது.

கந்தர்வக்கோட்டையை விட்டு இங்கே வீடு மாறி வந்து பத்து வருஷம். பழைய ஊரைப் பற்றி யாரும் கேட்டதில்லை. இவர்களும் சொன்னதில்லை. வீட்டுக்குள்ளேயே பேசிக்கொண்டதில்லை.

ஏழாவது நாவலோடு கதை முடிகிறது. அந்தப் பிள்ளையை என்ன செய்வது என்பதை வாசகர்களிடம் விட்டிருந்தார் ரத்தினவேல். இன்று அவர்கள் சொல்கிறபடி கடைசி அத்தியாயத்தை எழுதுவதாக வாக்குக் கொடுத்திருந்தார். எழுதியதும் தாள்கள் சுகுணாவின் மேசைக்கு வரும். எது வந்தாலும் அவள் விரல்கள்தான் அதை அடித்தாக வேண்டும்.

"எரிச்சுரணும் சார்," என்றான் வசந்த். "தண்ணியில போட்டீங்க, மண்ணுல பொதைச்சீங்க, அவ போகல. மிச்சம் நெருப்புதான்."

"அந்த இன்னொரு ரிப்பன்?" என்றார் டீச்சர். "ஒண்ணு தலையில இருக்கு. இன்னொண்ணு எங்க போச்சு? ஆறு புத்தகத்துலயும் தேடிட்டேன். அது கெடைச்சாத்தான் அவ போவா."

"அது சாருக்கே தெரியாது டீச்சர்."

ரத்தினவேல் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்தார். குடிக்காமலே மூடினார்.

கீழே ரோட்டில் ஏதோ வண்டி ஹாரன் அடித்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

"வந்துட்டாடா," என்று யாரோ சொல்ல, மறுபடியும் ஒரே சிரிப்பு.

சிரிப்புக்கு மேலாக ரத்தினவேல் கடைசி நாற்காலியைப் பார்த்தார். சுகுணாவும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கைப்பைக்குள் அவள் விரலில் சுற்றியிருந்தது இன்னும் ஒரு சுற்று இறுகியது.

"சரி, எரிக்கணும்ங்கிறவங்க கை தூக்குங்க," என்றான் வசந்த்.

முதலில் மூன்று கைகள். பிறகு எட்டு. பிறகு எல்லாமே. டீச்சர் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தூக்கினார்.

ரத்தினவேல் கைகளைப் பார்க்கவில்லை. சார்ட்டையும் பார்க்கவில்லை. மெதுவாகத் தலையசைத்துவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

"அண்ணி மட்டும் தூக்கல," என்றான் வசந்த். "டைப் அடிச்சு அடிச்சு அவ மேல பாசம் வந்துருச்சு போல."

சுகுணா எழுந்தாள்.

நாற்காலிகளுக்கு நடுவே நடந்து முன்னால் போனாள். யாரோ தட்டை நகர்த்தி வழி விட்டார்கள். கணவரின் மேசைக்கு முன்னால் நின்று, விரலில் சுற்றியிருந்ததை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்து, அவர் தாளின் மேல் வைத்தாள்.

நிறம் மங்கிய பச்சை ரிப்பன்.

வசந்த் சார்ட்டைப் பார்த்தான். ரிப்பனைப் பார்த்தான். தூக்கியிருந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

"அன்னைக்கு ஸ்கூல் வேன் மூணு தடவ ஹாரன் அடிச்சுருச்சுங்க," என்றாள் சுகுணா. ரத்தினவேலிடம் மட்டும் பேசுகிற குரல். "ஒரு பக்கந்தான் பின்னியிருந்தேன். இந்தப் பக்கம் சீப்ப வைக்கிறதுக்குள்ள, நம்ம பிள்ள கையை உதறிட்டு ரோட்டுக்கு ஓடிட்டா."

ரத்தினவேலின் பேனா மேசையில் உருண்டது. அவர் அதைப் பிடிக்கவில்லை.

"எரிக்கிறதா இருந்தாலும் சரிங்க," என்றாள். "அதுக்கு முன்னாடி, இந்தப் பக்கத்தையும் பின்னி விட்டுருங்க."