முதுகுத் தகடு

போர்க்குலமான கொற்றர்களின் போர்க்கப்பலில் ஏற வேண்டுமென்றால் தன் வீட்டில் ஏழு தலைமுறை வாங்கிய போர்க்காயங்களை வரிசையாகச் சொல்ல வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஏற்ற மாட்டார்கள். அடுத்த கப்பல் இந்த நிலவுக்கு வர இன்னும் பன்னிரண்டு வருடம் ஆகும். செவ்விக்கு முன்னால் நின்றவர்கள் எல்லோரும் கொள்ளுத்தாத்தாக்களின் மார்புக் காயங்களை முழங்கிவிட்டு உள்ளே போனார்கள்.

கப்பல் வாசலில் வழியை மறித்துக் காலை நீட்டி உட்கார்ந்திருந்த தளபதி கோடன் அவளைப் பார்த்துச் சிரித்தார். "கவசத்துக்கு ஒட்டுப்போடுற வீட்டுப் பொண்ணுதானே நீ? உங்க வீட்ல யாரு சண்டைக்குப் போயிருக்கா?"

"யாரும் போகல. நீங்க விடல. ஆனா ஏழு தலைமுறையா உங்க ஓட்டைய அடைச்சது நாங்கதான். யாருக்கு எங்க ஓட்டைன்னு சொல்லவா?"

"சொல்லு, பாப்போம்."

"உங்கப்பாவுக்கு முதுகுல மூணு. தாத்தாவுக்கு முதுகுல ஒண்ணு. அவரோட அப்பாவுக்கு..."

"போதும்."

கோடனின் கை தானாகத் தன் முதுகுப் பக்கம் போனது. அங்கே கவசத்தில் இருந்தது செவ்வி போட்ட ஒட்டு.

கையை எடுத்துக்கொண்டு, "கவசம் என்ன அளவு?" என்றார்.

"நானே அடிச்சுக் கொண்டாந்துட்டேன்."

மூட்டையைப் பிரித்தாள். மார்புத் தகடு மெல்லிசு. முதுகுத் தகடு இரண்டு விரல் கனம்.

"ஏம்மா, ஓடுறதுன்னே முடிவு பண்ணிட்டியா?"

"ஓட இல்லீங்க. எனக்குப் பின்னால வரப்போறது உங்க ஆளுங்கதானே."

வரிசையில் அடுத்து நின்ற கொற்றர் வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "எனக்கும் அதே மாதிரி ஒண்ணு அடிச்சுத் தருவியாக்கா?" என்றாள்.

கோடன் நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டார்.