கல்தொட்டியில் அல்லி

"ஆன்ட்டி, இனி மாடெல்லாம் எங்க தண்ணி குடிக்கும்?" என்று ஜெயபாண்டியின் மகள் கேட்டபோது நாகஜோதி சிரித்துவிட்டாள்.

அலங்காநல்லூர் பக்கம் ஜெயபாண்டிக்கு அவள் கண்மாயைப் பார்த்த வீடு ஒன்றை வடிவமைத்திருந்தாள். பாதையோரத்தில், இறந்துபோன ஒரு பெண்ணின் நினைவாக மாடுகளுக்கென்று யாரோ வைத்த கல்தொட்டி இருந்தது. அதை முற்றத்துக்குக் கொண்டுவந்து அல்லி வளர்த்தாள்.

குடிபுகுந்த மறுநாள் காலையில் தொட்டி வற்றிக் கிடந்தது. நிரப்பினார்கள். மறுபடி வற்றியது. கதவுகள் பூட்டியே இருந்தன. அல்லி இலை ஒன்றுகூடக் கசங்கவில்லை. தொட்டியிலிருந்து வாசல்வரை தரையில் தண்ணீர் சொட்டியிருந்தது.

"தொட்டிய வண்டியிலருந்து இறக்கும்போதே கீறி விட்டுட்டியேய்யா! இனி இந்தப் பக்கம் வராத," என்று கொத்தனார் முத்திருளனை ஜெயபாண்டி ஏசினார்.

"தட்டிப் பாருங்கண்ணே, மணி மாதிரில்ல கேக்குது!"

நாகஜோதி முன்பே தட்டிப் பார்த்திருந்தாள். கீறல் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் வாய் திறக்கவில்லை. முத்திருளன் தலைகுனிந்து போனார்.

மறுநாள் விடிந்ததும் ஜெயபாண்டியிடம் போனாள். "தப்பு என்னுது சார். முத்திருளண்ணனக் கூப்பிடுங்க. தொட்டி பாதைக்கே போகட்டும்."

போனது. அடுத்த நாள் விடியலில் அவள் தனியே வந்து, கண்மாயில் குடம் குடமாக மொண்டு தொட்டியை நிரப்பினாள். பாதையில் ஒரு மாடும் இல்லை. தண்ணீரில் வளையங்கள் எழுந்தன. மட்டம் மெல்ல இறங்கியது. நிமிர்ந்து பார்க்கக் கூசியது அவளுக்கு. கும்பிட்டுவிட்டு, குடத்தோடு மறுபடி கண்மாய்க்கு நடந்தாள்.