பாதாள ராட்டினத்தில் பெண் பார்த்தார்கள்

இப்போதெல்லாம் யாரும் ஜாதகம் பார்ப்பதில்லை. பெண்ணையும் மாப்பிள்ளையையும் தீம் பார்க்குக்குக் கூட்டிப்போய்ப் பாதாள ராட்டினத்தில் ஏற்றிவிடுகிறார்கள். தலைகீழாகச் சுற்றும்போது அவரவருடைய பெரிய பயத்தை அது கண்ணெதிரே காட்டும். கீழே நிற்கும் உறவுக்காரர்கள் அதைத் திரையில் பார்த்துப் பொருத்தம் சொல்வார்கள்.

"என் பையனுக்குப் பயம்னா என்னன்னே தெரியாது" என்றார் மாப்பிள்ளையின் அம்மா கோமளவல்லி. எனக்கு மாப்பிள்ளை மகிழனைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. சொல்லத்தான் கூச்சம்.

என் பயம் ஒரு பல்லி. எல்லோரும் சிரித்தார்கள். அடுத்து மகிழனுடையது. திரை முழுக்கக் கோமளவல்லி, கையில் கரண்டியோடு: "உப்பு சரியா இருக்காடா?"

மகிழன் அலறிவிட்டான்.

"என்னைப் பார்த்தா பயம்? பொண்ணு வீட்டுக்காரங்க மெஷின்ல ஏதோ பண்ணியிருக்காங்க. இந்தச் சம்பந்தமே வேணாம்!" கொண்டுவந்த பூத்தட்டை அவர் திரும்ப எடுத்துக்கொண்டார். எனக்கு அழுகை முட்டியது.

"மெஷின் பொய் சொல்லாதும்மா" என்று முனகினான் மகிழன்.

"அதையும் பார்த்துடறேன்." தட்டை என் கையில் திணித்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினார்.

திரையில் அவருடைய அடுப்படி தெரிந்தது. அவருடைய கரண்டியால் சாம்பாரை ருசி பார்த்துக்கொண்டு நின்றவள் நான்தான்.

"இன்னும் கொஞ்சம் உப்பு போடணும், அத்தை" என்றாள் திரையில் இருந்தவள்.

கோமளவல்லி போட்ட சத்தத்துக்கு மகிழனுடையது ஒன்றுமே இல்லை.

இறங்கி வந்தவர், யாரையும் பார்க்காமல் தட்டுக்காகக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

"எனக்குச் சம்மதம், அத்தை."