நரம்புக்கு வந்த காவல்காரர்

மாசிலாமணியின் இடது கால் கட்டைவிரலில் ஒரு நரம்பு குடியிருந்தது. சர்க்கரை அரித்து அரித்து அது பாதி செத்துவிட்டது. முந்தாநாள் செருப்பு ரோட்டிலேயே கழன்று விழ, மனுஷன் அவர் பாட்டுக்கு வெறுங்காலோடு வீடு வந்து சேர்ந்தார். நரம்புக்கே அது தெரியவில்லை. மிச்ச உயிரும் போனால் ஆணி குத்தினாலும் தெரியாது.

காலைப் பலகாரம் முடிந்ததும் சிவப்பு மாத்திரை வழக்கம்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து இறங்கியது. "தம்பி, கவலையே படாதே. நரம்பைக் காக்கத்தான் என்னைச் செஞ்சிருக்காங்க."

"ரொம்ப சந்தோஷம் அண்ணே. உங்க பின்னாலேயே வருதே, அது யாரு?"

மாத்திரை திரும்பிப் பார்த்தது. அப்போதுதான் உள்ளே போன கேசரியின் சர்க்கரை, கல்யாண வீட்டுக் கும்பல் மாதிரி வந்துகொண்டிருந்தது.

"அதை உள்ளே விட்டது நானா? என் வேலை காக்கிறது மட்டும்தான்."

"போன மாசம் கடையில ஸ்டாக் இல்லைன்னு நீங்க வரவே இல்லை. அவர் பயந்துபோய் வெள்ளரிக்காயா தின்னுக்கிட்டு இருந்தார். எனக்குப் பாயோட சொரசொரப்பு கொஞ்சம் தெரிய ஆரம்பிச்சுது அண்ணே."

"நன்றி கெட்டவனே! நான் இல்லாட்டி உன் கதி என்ன?" என்று மாத்திரை எகிறியது.

அந்த நேரம் பார்த்து மேலே மாசிலாமணியின் குரல் கேட்டது. "அதான் மாத்திரை போட்டாச்சே! பயப்படாம அந்த ஜாங்கிரியை இந்தப் பக்கம் தள்ளு."

நரம்பு கெஞ்சியது. "கோவிச்சுக்காதீங்க அண்ணே. நாளைக்கு வராதீங்க."