பூட்ட வந்தவர்

பள்ளிக்கூடத்தின் ஒன்றாம் வகுப்பறையில், பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் முழங்காலை மடக்கிக்கொண்டு பெற்றோர் உட்கார்ந்திருக்கிறார்கள். சாயங்கால வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை அவர்கள் முகத்தில் கோடு கோடாகப் போடுகிறது. இந்த வருஷத்தோடு இந்தப் பள்ளியை மூடிவிட்டு, நெடுஞ்சாலைக்கு அப்பால் இருக்கும் பெரிய பள்ளியோடு சேர்க்கப்போவதாகக் கல்வித்துறை அதிகாரி உத்தரவை வாசித்து முடிக்கிறார். தையல்காரம்மா எழுந்து நிற்கிறாள். கடையிலிருந்து ஓடிவந்தவள், கழுத்தில் அளவு நாடா இன்னும் தொங்குகிறது. "சார், எம் பொண்ணுக்குக் கண்ணு தெரியாது. இங்க சுவரைத் தொட்டுக்கிட்டே தனியா வகுப்புக்குப் போயிடுவா. அந்த ரோட்டை எதைத் தொட்டுக்கிட்டுத் தாண்டுவா?" அதிகாரி பேனா மூடியைத் திருகுகிறார். "உங்க கஷ்டம் புரியுதும்மா. மேல சொல்றேன்." "போன கூட்டத்துலயும் இதேதான் சொன்னீங்க! மேலன்னா எங்க சார், மொட்டை மாடியா?" பின்வரிசையிலிருந்து லாரி டிரைவர் கத்துகிறார். ஒருவரும் சிரிக்கவில்லை. அதிகாரி யார் முகத்தையும் பாராமல் பையை எடுத்துக்கொண்டு வெளியேறுகிறார். கார் சத்தம் தேய்ந்து மறைகிறது. யாரும் எழுந்திருக்கவில்லை. காவலாளி சாவிக்கொத்தோடு வாசலில் வந்து நிற்கிறார். "பூட்டணும்மா," என்கிறார், தரையைப் பார்த்தபடி. "பூட்டிக்கோங்கண்ணே. நாங்க உள்ளயே இருக்கோம்." தையல்காரம்மா நாற்காலியில் மறுபடி உட்கார்ந்து, அதன் விளிம்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொள்கிறாள். காவலாளி வெகுநேரம் தயங்குகிறார். பிறகு கதவை மெல்ல இழுத்துச் சாத்துகிறார். வெளியே, பூட்டின் வாய் பிடிபடாமல் சாவி உரசிக்கொண்டே இருக்கிறது. உள்ளே ஒருவரும் அசையவில்லை.