வாய் திறக்காத பெட்டி

ஒரு கணினிக் கோப்புறையில் மயில், கழுதை, ஆமை என்று மூன்று படங்கள் குடியிருந்தன. பெயர் மாற்ற ஒரு கட்டளை வந்தது. ‘படம்’ என்ற சொல்லோடு, தான் கொண்டுவந்த பெட்டி ஒவ்வொருவருக்கும் தரும் எண்ணை ஒட்டிப் புதுப்பெயர் வைப்பது அதன் வேலை.

முதலில் மயில் போனது. பெட்டி காலி. அதைச் சொல்லக் கூச்சப்பட்டுப் பெட்டி வாயை மூடிக்கொண்டது. மயிலுக்கு வெறும் ‘படம்’ என்று பெயர் விழுந்தது.

கழுதைக்கும் அதே பெயர். அந்தக் கோப்புறையில் ஒரே பெயரில் இருவர் இருக்க முடியாது. பின்னவர் வந்தால் முன்னவர் அழிந்துபோவார். மயிலைக் காணோம்.

“வாடா ஓட்டுமுதுகா, ஏன் நிக்கிற?” என்று கழுதை ஆமையைப் பார்த்துச் சிரித்தது.

ஆமை பெட்டிக்குள் எட்டிப் பார்த்துக் கத்தியது. “கட்டளை அண்ணே, நிறுத்துங்க! பெட்டியில ஒண்ணுமே இல்ல!”

“இல்லேன்னா அதுவே சொல்லியிருக்குமே.”

“பெட்டியக்கா, சொல்லிடுங்க! நான் வந்தா கழுதை போயிடும்!”

பெட்டிக்கும் சொல்ல ஆசைதான். ஆனால் இரண்டு முறை சும்மா இருந்துவிட்டு, இப்போது எந்த முகத்தோடு சொல்வது?

கட்டளை ஆமையை இழுத்துப் பெயரை ஒட்டியது. கழுதையின் சிரிப்புச் சத்தம் நின்றது.

“மூணு பேருக்கும் பேர் வச்சாச்சு, ஒரு தடங்கலும் இல்ல!” என்று கட்டளை உரக்க அறிவித்தது.

கேட்பதற்கு ஆமை மட்டும் இருந்தது.