எதிர் வீட்டுக்கு வந்த திருடன்

"பெரிய டி.வி., லேப்டாப், காபி மெஷின்..." திருட்டுப் போனதையெல்லாம் மனைவி இன்ஸ்பெக்டரிடம் அடுக்கிக்கொண்டே போனாள். வாசலில் கூடியிருந்த தெருவே உச்சுக் கொட்டியது.

கணவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தான், எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான்.

"போன வாரம் எதிர் வீடு, இன்னிக்கு நாங்க. வசதியான வீடாப் பார்த்துத்தான் வர்றான் சார்," என்றாள் அவள், வாசல்வரை கேட்கும்படி.

இன்ஸ்பெக்டர் எதையும் எழுதவில்லை. கதவைச் சாத்தினார். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, பரண் திரையை விலக்கினார். டி.வி., லேப்டாப் எல்லாம் போர்வைக்குள் பத்திரமாக இருந்தன.

கணவன் குரலைத் தாழ்த்தினான். "பூட்டை உடைச்சது நிஜம் சார். ஆனா வந்தவன் ஒண்ணையும் தொடல. திருடன்கூட மதிக்காத வீடுன்னு நாலு பேர் சிரிப்பாங்களேன்னு இவதான்..."

"பரண்ல இருக்குன்னு எப்படி சார் தெரிஞ்சுது?" என்றாள் மனைவி.

"எல்லாம் அனுபவம்தாம்மா. எதிர் வீட்ல கட்டிலுக்கு அடியில இருந்துச்சு."

அவள் ஜன்னல் வழியே எதிர் வீட்டைப் பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்:

"அவங்க டி.வி. எத்தனை இன்ச் சார்?"